மாலையில் வீடு திரும்பும் கைது

இக்கட்டுரையில் நானே கண்டவற்றையும், நானே கேட்டவற்றையும், பிறர் சொல்லி நான் நேரில் சென்று சரிபார்த்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். வாய்மொழியாக என்னிடம் வந்து, சரிபார்க்க வழியில்லாமல் நின்றுபோனவை சில உண்டு. கேட்பதற்கு அவை சுவையானவை. சில என் பெருமையைக் கூட்டுபவையும்கூட. அவற்றை விட்டுவிட்டேன். விட மனம் வராத சிலவற்றை, தெரியாதவை என்று சொல்லியே இறுதியில் வைத்திருக்கிறேன்.

வெளிமாநிலங்களில் காக்கி உடுத்திப் பணியேற்றிருக்கும் தமிழ் இளைஞர்களே, இந்தக் கட்டுப்பாட்டை நான் அடக்கத்தின் பொருட்டு மேற்கொள்ளவில்லை. கதை எழுதுபவன் ஒரு வரியை மிகைப்படுத்தினால் வாசகன் புன்னகைத்துக் கடந்துவிடுவான். நாம் மிகைப்படுத்தினால் ஒருவர் சிறைக்குப் போவார். ஓர் உள்ளங்கைக் காயத்தைப் பற்றிய ஒரு வரி எத்தனை பேரை விழுங்கப் பார்த்தது என்பதைக் கண்டவன் நான். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

உரையாடல்கள் பெரும்பாலும் மராத்தியில் நிகழ்ந்தவை. அவற்றைத் தமிழில் தருகிறேன். சொற்கள் என்னுடையவை, பொருள் அவர்களுடையது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். நிலையத்தின் பெயரையும் ஆண்டுகளையும் சொல்லப் போவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புணே நகரில் உதவி ஆய்வாளனாகச் சேர்ந்தேன். என் தந்தை படைத்துறைக் கணக்கு அலுவலகத்தில் பணிபுரிந்தவர். நான் வளர்ந்தது அந்நகரத்து வானவடியில். ஆகவே மராத்தி எனக்கு வீதியிலேயே கைவந்திருந்தது. என் முதல் ஆய்வாளரை எல்லோரையும் போல நானும் ‘சாகேப்’, அதாவது ஐயா, என்றே அழைத்தேன். இங்கும் அவருக்கு அதுவே பெயராக இருக்கட்டும். சேர்ந்த புதிதில் ஒரு நாள், மறுநாள் நடக்கவிருந்த மோர்ச்சாவின் தலைவரைச் சந்திக்க என்னையும் உடன் அழைத்துச் சென்றார். மோர்ச்சா என்பது அங்கே ஊர்வலத்துக்கும் போராட்டத்துக்கும் பொதுவான பெயர். சந்திப்பு ஒரு தேநீர்க் கடையில் நிகழ்ந்தது. சட்டப் புத்தகத்தின் மை உலராத எனக்கு அந்த உரையாடல் அதிர்ச்சியாக இருந்தது.

“எத்தனை பேரு ஏறுவீங்க?” என்றார் சாகேப்.

“ரெண்டு பஸ் நிறைய.”

“போன தடவையும் ரெண்டு பஸ்ஸுன்னுதான் சொன்னீங்க. ஒரு பஸ்ஸுல என் ஆளுங்கதான் காலை நீட்டித் தூங்கிட்டு வந்தாங்க.”

“இந்தத் தடவை உங்க மானத்தைக் காப்பாத்திடறேன் சாகேப். ஆனா என்னை மட்டும் நாலு பேரு சேர்ந்து தூக்கணும். நானா நடந்து ஏறினா பேப்பர்ல படம் வராது.”

“தூக்கறோம். நீங்களும் உடம்பைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு வாங்க.”

“வடாபாவுக்குச் சட்னி வேணும். போன தடவை வெறும் பாவு. எங்க ஆளுங்க உங்க அரசாங்கத்தைவிட அதுக்குத்தான் அதிகமா கோஷம் போட்டாங்க.”

அப்படியே நடந்தது. குறித்த நேரம்வரை அவர்கள் ஆட்சியர் அலுவலக வாயிலில் அமர்ந்து முழங்கினார்கள். பிறகு கைது செய்கிறோம் என்று அறிவித்தோம். தலைவரை நால்வர் தூக்கினார்கள். நிழற்படக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். பேருந்துகள் காவல் மைதானத்துக்குத் திரும்பின. மரத்தடியில் பாட்டும் பேச்சும் தேநீரும், சட்னி தடவிய பன்னில் வடை வைத்த வடாபாவும். விளக்கு வைக்கும் வேளையில் எல்லோரையும் விடுவித்தோம். சாகேப் மைதான வாயிலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகுவித்து, “யேத் ரஹா” என்றார். விருந்தினரை வழியனுப்பும்போது மராத்தியர் சொல்வது அது: வந்துகொண்டே இருங்கள். போராட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

“இது நாடகமல்லவா சாகேப்?” என்று கேட்டேன். என் குரலில் இருந்த இளக்காரத்தை அவர் கவனித்திருக்க வேண்டும்.

“நாடகம்தான். ரெண்டு பக்கமும் வசனம் தெரிஞ்சு நடிக்கிற வரைக்கும் யாரு மண்டையும் உடையாது. கத்தறது அவன் வேலை. அள்ளிக்கிட்டுப் போறது நம்ம வேலை. சாயங்காலம் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சேரணும்.” சற்று நடந்தபின் தாமாகவே தொடர்ந்தார்: “ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அவன் சட்டத்தை நம்பி பஸ்ஸுல ஏறலை. உன் மூஞ்சியைப் பார்த்து ஏறுறான்.”

அந்த நாடகத்தின் பொருள் எனக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின. அரசு தன்னை எதிர்ப்பவரைக் கைது செய்கிறது. ஆயினும் மாலையில் வீட்டுக்கு அனுப்புகிறது. எதிர்ப்பவர் பகைவர் அல்லர் என்பதை அது சட்டத்தில் எழுதிவைக்கவில்லை. வடாபாவிலும் வழியனுப்பும் சொல்லிலும் வைத்திருந்தது. எழுதப்படாத இடத்தில் வைத்தவை எளிதில் தொலையும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

தொலைந்தது எந்த நாளில் என்று என்னால் சுட்ட இயலாது. அடுத்த பத்தாண்டில் ஒவ்வொன்றாக மாறிற்று. ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் கூடுவதற்குத் தடை விதிக்கும் ஆணை, முன்பெல்லாம் பண்டிகைக் காலத்திலும் பதற்றமான நாள்களிலும் மட்டுமே வரும். பிறகு ஓர் ஆணை முடிவதற்குள் அடுத்த ஆணை வரலாயிற்று. தடையில்லாத நாள் என்று ஒன்று இல்லாமற்போயிற்று. போராடுவோர் அமரும் இடம் வாயிலிலிருந்து எதிர்ச்சாரிக்கும், எதிர்ச்சாரியிலிருந்து மதிலின் பின்புறத்துக்கும் நகர்ந்தது. முழக்கத்தைக் கேட்பவர் குறைய, படம்பிடிக்கும் கருவிகள் பெருகின. போராட்டத் தலைவரோடு தேநீர் அருந்திய அலுவலருக்கு, “என்ன, உறவு கொண்டாடறீங்களாமே?” என்று தொலைபேசி வந்தது. புதிதாக வந்தவர்கள் தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த வழக்கம் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

நான் ஒரு நிலையத்தின் பொறுப்பாளனாக இருந்தபோது கசார்வாடி விவகாரம் வந்தது. பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய அப்புறநகர்ப் பகுதியில் சிறு பட்டறைகள் நெருக்கமாக இருக்கும். அங்கே கடைசல் வேலை செய்துவந்த ஒருவர் பட்டறைத் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்த்திருந்தார். அவர்மீது ‘தடிபார்’ ஆணை பிறந்தது. தடிபார் என்பது ஒருவரை மாவட்ட எல்லைக்கு அப்பால் வெளியேற்றுவது. வழிப்பறிக்காரர்களுக்கும் கள்ளச்சாராய வணிகர்களுக்கும் உரியது என்று நாங்கள் அறிந்திருந்த நடவடிக்கை. அந்த ஆணைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட குற்றங்களைப் படித்துப் பார்த்தேன். ஒன்றிலும் அடிதடி இல்லை. சாலையோரம் கூட்டம் சேர்த்தார், முழங்கினார், கைதானார்; அவ்வளவே. அவற்றுள் சில எனக்கு நினைவிருந்த நாள்கள். ஒவ்வொன்றும் மாலையில் வீடு திரும்பிய கைது.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட அமைதியின்மை இன்றும் நீங்கவில்லை. இருதரப்பும் ஒப்புக்கொண்டு நடத்திய சடங்கு, ஒரு தரப்பின் கையில் குற்றப் பட்டியலாகத் திரண்டிருந்தது. அந்த மனிதர் எங்கள் நாடகத்தில் தவறாமல் நடித்துக்கொடுத்தார். அதற்காகவே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்.

அவரை ஊருக்குத் திரும்ப விடவேண்டும் என்று கோரி, பழையபடி ஆட்சியர் அலுவலக வாயிலிலேயே அமர்வதாகச் சங்கம் முடிவுசெய்தது. அதைச் சொல்ல என்னிடம் வந்தவர் சுமன் என்ற பெண்மணி. பொதி கட்டும் பட்டறையில் பணிபுரிபவர். எல்லோரும் அவரைச் சுமன்தாயி, அதாவது சுமன் அக்காள் என்பார்கள். நாற்காலியைக் காட்டினேன். அமரவில்லை.

“எங்க ஆளை நீங்க புடிச்சுப் புடிச்சு விட்டதை எல்லாம் கூட்டி வச்சே ஊரைவிட்டுத் தள்ளிட்டீங்க. இனி உங்ககூட எதைப் பேசி முடிக்கிறது?”

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“வேற யாருகிட்டப் போக? உங்களை விட்டா அந்தக் கேமராகிட்டத்தான் பேசணும். அது பதில் சொல்லாது.”

வழக்கம்போலப் பேசினோம். எவ்வளவு நேரம் அமர்வது, எப்போது கைது, எங்கே கொண்டுபோவது. ஒரு பேருந்து நிறைய ஆள் வருவார்கள் என்றார். பிறகு என் முகத்தையே பார்த்து, “சாயங்காலம் வீடு. கேஸ் கிடையாது. வார்த்தை குடுங்க” என்றார்.

நான் உடனே கொடுக்கவில்லை. அப்போது உதவி ஆணையராக உயர்ந்து எனக்கே மேலதிகாரியாக இருந்த பழைய சாகேப்பிடம் தொலைபேசியில் கேட்டேன். “வழக்கப்படி செய்” என்றார். அதன்பின் கொடுத்தேன்.

அந்த நாள் வந்தது. வாயிலில் அமர்ந்தார்கள், முழங்கினார்கள். ஆள்தான் குறைந்தது. தடிபார் ஆணை ஊரில் பலருடைய கால்களைக் கட்டிப்போட்டிருந்தது. பேருந்து பாதி காலியாகக் கிளம்பினால் மறுநாள் செய்தித்தாள் என்ன எழுதும் என்று சுமன்தாயி அஞ்சியிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களையும், உறவினருக்குச் சோறு கொண்டுவந்தவர்களையும், “ஏறுங்க, ஏறுங்க” என்று கைப்பிடித்து ஏற்றினார். மாலையில் எப்படியும் வீடு திரும்பப் போகிறோம் என்ற நம்பிக்கை உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்; அந்நேரம் அது தவறாகவே தோன்றவில்லை.

மைதானத்தை அடைந்து தேநீர் ஊற்றத் தொடங்கியபோது என் கைபேசி ஒலித்தது. சாகேப்.

“யாரையும் விடாதே. மேலிருந்து சொல்லிட்டாங்க.”

“வார்த்தை கொடுத்திருக்கிறேன் சாகேப். நீங்களும் வழக்கப்படி என்றீர்கள்.”

“அது அப்போ. நம்ம பொம்பளை போலீசுக்கு அடியாமே? ரத்தமாமே? போலீஸ்மேல கைவச்ச கேஸ் போடு. அவ பக்கத்துல எந்தப் பொம்பளை நின்னாளோ அவ பேரை முதல்ல எழுது. மத்தவங்க எல்லாம் கூட இருந்தவங்க. கோர்ட்டுல நிறுத்து.”

அடிபட்டதை நான் அறியவில்லை. நிலைய வயர்லெஸ்ஸிலோ அது ஏற்கெனவே செய்தியாகி ஓடிக்கொண்டிருந்தது. அருகில் நின்ற தலைமைக் காவலரைக் கேட்டேன்.

“கல்லு சார். கல்லால அடிச்சிருக்காங்க.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தவங்களைப் பார்த்தேன் சார்.”

இளைய நண்பர்களே, நம் துறையில் பெரும்பாலான உண்மைகள் இப்படித்தான் பிறக்கின்றன: பார்த்தவரைப் பார்த்தவர்களால். நான் பேருந்துக்குச் சென்றேன். முன்வாயில் கதவின் கீழ்த்தகரம் பிய்ந்து வெளியே வளைந்திருந்தது. அதன் விளிம்பில் உலர்ந்த இரத்தமும், அதனோடு ஒட்டிக்கொண்டிருந்த நீலப் புடவை நூலும் இருந்தன. அங்கிருந்தே சாகேப்பை அழைத்தேன்.

“கல் இல்லை சாகேப். பேருந்துக் கதவு.”

“ரத்தம் வந்துச்சா, இல்லையா?”

“வந்தது.”

“அப்புறம் என்ன? பஸ்மேலயா கேஸ் போடப் போறே? அதுவும் அரசாங்க பஸ்!” அவர் சிரிக்கவில்லை. பிறகு, “நானே கிளம்பி வர்றேன்” என்று துண்டித்தார். அவருடைய அலுவலகத்திலிருந்து மைதானம் தொலைவன்று.

அதற்குள் செய்தி மரத்தடிக்குப் போய்விட்டது. பாட்டு நின்றிருந்தது. சுமன்தாயி எழுந்து வந்தார், சத்தமிடவில்லை. சத்தமிட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நீங்க சொன்னீங்க. நான் இவங்ககிட்டச் சொன்னேன்.”

“தெரியும்.”

“என்னை வச்சுக்கோங்க. இவளை விட்டுடுங்க.” பின்னால் நின்ற ஒரு பெண்ணை முன்னால் இழுத்து நிறுத்தினார். “இவ சங்கமே இல்லை. ஆளு குறையுதுன்னு நான்தான் ஏத்தினேன்.”

அந்தப் பெண் நீலப் புடவை அணிந்திருந்தாள். முந்தானையின் ஓரம் கிழிந்திருந்தது. என் சட்டையிலிருந்த பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள்.

“சார், நீங்க தமிழாளுங்களா? நான் மல்லிகாங்க. எங்கப்பா அம்மா தருமபுரிப் பக்கம். நான் போராட்டத்துக்கு வரலைங்க சார். எங்க நாத்தனா பொதி கட்டுற கார்கானாவுல இருக்குது, அதுக்குச் சோத்து டப்பா குடுக்க வந்தேன். ‘ஏறுடி, வடாபாவ் சாப்ட்டுட்டுச் சாயங்காலம் வந்துரலாம்’னு சுமன்தாயி சொல்லுச்சு. பிக்னிக் மாதிரி நெனச்சு ஏறிட்டேன்.”

“எங்கே வேலை?”

“முனிசிபாலிட்டில சார். ரோடு கூட்டுறது. வீட்டுக்காரரு போனப்புறம் அவரு நௌகரிய எனக்குக் குடுத்தாங்க. இன்னும் பக்கா ஆகலை, டெம்பரவரிதான். போலீஸ் கேஸுன்னு ஒரு பேச்சு போச்சுன்னா எடுத்துருவாங்க சார். ரெண்டு புள்ளைங்க. என்னை மட்டும் விட்டுருங்க. நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

என்முன் இருந்தது இதுதான். மேலிடத்து ஆணைப்படி எழுதினால் முதற்பெயர் இவளுடையது. காவலரின் கையருகே நின்றவள் இவளே என்பதைக் கதவில் இருந்த நூலும் கிழிந்த முந்தானையும் சொல்லிவிட்டன. இவளை மட்டும் பின்வாயில் வழியாக அனுப்புவதோ மிக எளிது. ‘தவறுதலாக வந்தவர், விடுவிக்கப்பட்டார்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இரக்கமுள்ளவன் என்ற பெயரும் கிடைக்கும். வந்துகொண்டிருக்கும் மேலதிகாரியையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வழக்குப் போட மீதிப் பேர் இருக்கிறார்களே.

“உன்னை மட்டும் விடமாட்டேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க நான் விரும்பவில்லை. சொன்னதைச் சொல்கிறேன்: “தமிழ்க்காரருன்னு நம்பி வந்து கேட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.”

சுமன்தாயிக்கு மொழி புரியாவிட்டாலும் விடை புரிந்திருந்தது. “கல்லு மனசு” என்று மராத்தியில் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

நான் ஏன் மறுத்தேன் என்பதை அன்று அவர்களுக்கு விளக்கவில்லை, நேரமில்லை. உங்களுக்கு விளக்குகிறேன். அவள் தவறுதலாக வந்தவள் என்று எழுதி விடுவித்தால், மற்றவர்கள் தவறு செய்யவே வந்தவர்கள் என்று எழுதியதாகும். ஓர் ஆணை அநீதியானது என்று சொல்ல வாயிலில் அமர்வது, மன்னிப்புக் கேட்டு விடுபட வேண்டிய செயலன்று. இரக்கத்தால் ஒருவரை விடுவிப்பது, உரிமையால் விடுபட வேண்டிய மற்றவர்களைக் குற்றவாளிகளாக்கும். எல்லோரும் போகவேண்டும், அல்லது ஒருவரும் போகக் கூடாது. நான் கண்ட முடிவு இதுவே. ஆனால் அந்த முடிவுக்கு நான் பணயமாக வைத்தது என் பிழைப்பை மட்டுமன்று, மல்லிகாவின் பிழைப்பையும். அதற்கு எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுவருகிறேன். முடிவு சரியென்றே எண்ணுகிறேன், எண்ணியபின்னும் உறுத்துகிறது. இந்த உறுத்தல் இல்லாத அலுவலரிடம் நீங்கள் எச்சரிக்கையாக இருங்கள்.

காயம்பட்ட பெண் காவலர் ஜாதவ், மைதானத்து அலுவலக அறையில் அமர்ந்திருந்தார். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. வழக்கு நிற்க வேண்டுமென்றால் அவர் புகார் தரவேண்டும்.

“எப்படிப் பட்டது, பாயி?” என்றேன்; அங்கே பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்.

“என்ன எழுதணும்னு சொல்லுங்க சாகேப், எழுதறேன்.”

“எழுதச் சொல்லவில்லை. கேட்கிறேன்.”

அவர் அறை வாசலைப் பார்த்தார். “பெரிய சாகேப் வர்றாராமே. அவர் சொன்னா, அவர் சொன்னதைச் சொல்வேன். நீங்க கேட்டா, நடந்ததைச் சொல்வேன். யாரு முதல்ல கேக்கறீங்கன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“நான் முதலில் கேட்கிறேன்.”

“கதவுத் தகரம். அந்தத் தமிழ் அக்காவோட புடவை மாட்டிக்கிச்சு. விழுந்துடுவாளேன்னு எடுத்துவிடப் போனேன். அவதான் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டா. இது அவளோடது.” துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார்.

அவருடைய வாக்குமூலத்தை அவர் சொன்னபடியே எழுதிக் கையொப்பம் பெற்றேன். பேருந்துக் கதவையும், மருத்துவரை வரவழைத்துக் காயத்தைக் காட்டியபோது அவர் சொன்னதையும் நிலைய நாட்குறிப்பில் பதிந்தேன். தடையாணையை மீறியதற்காகத் தடுத்துவைக்கப்பட்டவர்கள், எச்சரித்து விடுவிக்கப்பட்டார்கள் என்று முடித்தேன். வீரமான சொல் ஒன்றும் அதில் இல்லை. பிறகு வெளியே வந்து, “போகலாம், எல்லோரும்” என்றேன்.

ஒருவரும் எழவில்லை. சுமன்தாயிதான் கேட்டார்: “எங்கே?”

“வீட்டுக்கு.”

“பஸ்ஸுலயா? பஸ்ஸுன்னா நாங்க ஏறமாட்டோம். அது எங்கே திரும்பும்னு இப்போ தெரியலை.”

நடந்தே போனார்கள். வரிசையின் முன்பகுதி வாயிலைக் கடந்தபோதுதான் சாகேப்பின் ஜீப் வந்து நின்றது. விளக்கு வைக்கும் வேளை. அவர் இறங்கி, போகிறவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேருந்தை நோக்கி நடந்தார். கதவின் பிய்ந்த தகரத்தைக் குனிந்து பார்த்தார். பின்பு திரும்பி வந்து, பழைய நாள்களில் நிற்பதுபோல வாயிலின் ஓரத்தில் நின்றார்.

கடைசியாக வந்தவர்கள் சுமன்தாயியும் மல்லிகாவும். சாகேப் கைகுவிக்கவில்லை. ஆனால் அருகில் நின்ற எனக்குக் கேட்கும் அளவில், “யேத் ரஹா” என்றார்.

சுமன்தாயி நிற்காமல் போனார். மல்லிகா நின்றாள். அவள் கசார்வாடியில் பிறந்தவள். அந்தச் சொல்லின் மரியாதை அவளுக்குத் தெரியும். சுத்தமான மராத்தியில் பதில் சொன்னாள்: “இல்லை சாகேப். இனி வரமாட்டேன்.”

அவள் போனபின் சாகேப் என்னிடம், “உனக்கு இனி நல்ல இடம் எதுவும் கிடைக்காது” என்றார். மிரட்டலாக அன்று; வானிலை சொல்பவர் போல. அவர் சொன்னது சரியாயிற்று. சில வாரங்களில் பழைய வாகனங்களை நிறுத்திவைக்கும் கிடங்குக்கு மாற்றப்பட்டேன். அங்கும் பிறவிடங்களிலும் கழிந்த என் எஞ்சிய பணிக்காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜாதவின் மீது நடவடிக்கை எதுவும் இல்லை. இதை அவரிடமே கேட்டு உறுதிசெய்தேன். தடிபார் ஆணை நீங்கவில்லை. கடைசல்காரர் அதன் காலம் முடிந்தபின்னரே ஊர் திரும்பினார். கசார்வாடிச் சங்கத்தின் அடுத்த போராட்டத்துக்கு வேறோர் அலுவலர் பொறுப்பேற்றார். அன்று கைதானவர்கள் மாலையில் வீடு திரும்பவில்லை. ஆகவே நான் வென்றதாக எவரும் எண்ணவேண்டாம். ஒரு மாலையைக் காத்தேன். வழக்கத்தைக் காக்க முடியவில்லை.

வழக்கத்தைக் காப்பது உங்கள் கையில் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கம். நான் பணியாற்றிய காலத்தைவிட உங்கள் காலம் கடினமாக இருக்கலாம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களை எதிர்த்து முழங்கும் தலைவரோடு, முழக்கம் தொடங்குவதற்கு முன் ஒரு தேநீர் அருந்துங்கள். தொலைபேசி வரும், வரட்டும். வார்த்தை கொடுக்க அஞ்சும் அலுவலரைக் கண்டு யாரும் தாமாகப் பேருந்தில் ஏறமாட்டார்கள். அதன்பின் அவர்களை ஏற்ற உங்களுக்குத் தடி ஒன்றே மிஞ்சும். இரத்தம் என்று யாராவது சொன்னால், எழுதுவதற்கு முன் கதவைப் போய்ப் பாருங்கள்.

இனி, தெரியாதவை.

அந்த ‘மேலிடம்’ யார் என்பது எனக்குத் தெரியாது. ஆணை எழுத்தில் வரவில்லை. வாய்மொழியாக வந்தது சாகேப்பின் குரலில் மட்டுமே.

சாகேப் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார் என்பது எனக்குத் தெரியாது. வழியில் போக்குவரத்து நெரிசல் என்று அவருடைய ஓட்டுநர் ஒருமுறை சொன்னார். வேறொருமுறை அவரே, சாகேப் வண்டியைத் தேநீர்க் கடையோரம் நிறுத்தச் சொல்லி நெடுநேரம் அமர்ந்திருந்தார் என்றார். இரண்டில் எதையும் என்னால் சரிபார்க்க இயலவில்லை. சாகேப்பிடம் நான் கேட்கவில்லை; அவர் ஓய்வுபெற்று, பின்னர் காலமும் ஆகிவிட்டார். அன்று வாயிலில் அவர் சொன்ன சொல் பழக்கத்தால் வந்ததா, மனமறிந்து வந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

மல்லிகாவின் வேலை நிலைத்ததா என்பதை விசாரித்து அறிய முயலவில்லை. காவல்துறையிலிருந்து ஒருவர் வந்து அவளைப்பற்றிக் கேட்டார் என்ற பேச்சே அவளுக்குத் தீங்காகியிருக்கும். அவள் சொன்ன சொல்லைக் காத்தாளா, அல்லது பிறிதொரு நாளில் தானாகவே வந்து ஆட்சியர் அலுவலக வாயிலில் அமர்ந்தாளா என்பது எனக்குத் தெரியாது.